உன் பெயருக்கு நான் சொன்ன பதில்

என் ராசா, என் தம்பி இசக்கிமுத்துவுக்கு,

உனக்கு எழுத்துத் தெரியாது. பள்ளிக்கூடத்து வாத்தியார் உன்னைத் தேடி வீட்டுக்கு வந்தபோது நீ புளியமரத்து உச்சியில் இருந்தாய். மூன்றாம் வகுப்பு வரை போனவள் நான்தான். இந்தத் தேயிலை மலைக்கு வந்த பிறகும் பேக்டரிக் கதவில் துரை ஒட்டும் நோட்டீசை நான் எழுத்துக் கூட்டிப் படிப்பேன், நீ கையைக் கட்டிக்கொண்டு கேட்பாய். ஆகவே இந்தக் கடிதத்தையும் யாராவது உனக்கு வாய்விட்டுப் படித்துத்தான் ஆக வேண்டும். படிக்கும்போது பக்கத்தில் நிற்கிறவர்கள் காதிலும் விழும். விழட்டும், அதற்காகவும்தான் எழுதுகிறேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. கடைவீதியில் தையல்காரர் காசியின் கடையில், மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். காகிதமும் பென்சிலும் அவர் கொடுத்தவை. வெளியே மழை வலுத்துவிட்டது. எதிர்க்கடைக்காரர் காந்தலூர்ப் பூண்டு நனையாமல் இருக்கச் சாக்கை இழுத்து இழுத்து மூடுகிறார். நாளைக் காலையில் எனக்கு என்ன ஆனாலும் அடுத்த சந்தை நாளில் இதைச் சத்தமாக வாசிக்க வேண்டும் என்று காசியிடம் கேட்டேன். தெருவை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். சரி என்றார்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ செத்த நாளிலிருந்து இன்றுவரை, ஒவ்வொரு விடியலிலும் உன் பெயரைக் கூப்பிடுகிறார்கள். நான்தான் பதில் சொல்கிறேன்.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் கேட்கிறவர்களுக்குத் தெரியாதே. சங்கு ஊதியதும் பேக்டரிக்கு முன்னால் உள்ள களத்தில் போய் வரிசை வரிசையாக நிற்பதற்குப் பெயர் மஸ்டர். ஒவ்வொரு கங்காணியும் தன் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பெயருக்கு உரியவர் “வந்திருக்கேன்” என்று குரல் கொடுக்க வேண்டும். ரைட்டர் குனிந்த தலை நிமிராமல் குறித்துக்கொள்வார். அந்த நேரத்து மூடுபனியில் முகம் யாருக்குத் தெரிகிறது? குரல்தான் ஆள். காய்ச்சலில் கிடந்தால், பிள்ளை பெற்றுப் படுத்திருந்தால், அவர்கள் வீட்டு ஆள் அந்தப் பெயருக்கும் சேர்த்துக் குரல் கொடுக்கும். அன்றைக்கு அவர்கள் வேலையையும் முடிந்தமட்டும் இழுத்துப் போட்டுச் செய்யும். இது எங்கள் லயத்து வழக்கம். மூன்று நாள் பதில் இல்லாத பெயரை அடித்துவிடுவார்கள். பெயர் போனால், எஸ்டேட் கொடுத்த வரிசை வீடான லயத்தில் உள்ள அறையும் போகும்.

நீ கேட்டதும் பெயரைத்தானே தம்பி? தேயிலைக்கு விலை விழுந்துவிட்டது என்று துரை ஆட்களைக் குறைக்கத் தொடங்கினார். யாரையும் போ என்று சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் அவர்கள் பெயரைக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். வரிசையில் நின்றவர்கள் நின்றபடியே இருந்தார்கள். தன் பெயர் விட்டுப்போயிற்று என்று நினைத்து ஒரு கிழவர் கங்காணியின் பின்னாலேயே போனார், “என் பேரு வரல, என் பேரு வரல” என்று சொல்லிக்கொண்டு. அன்று சாயங்காலம் நீ சோற்றைத் தொடவில்லை.

அதற்குப் பிறகு நீ அடிக்கடி காசியின் கடைக்குப் போனாய். கீழே போடிப் பக்கம் வேலை தேடிப் போனவர்கள் கொண்டுவந்த பேச்சையெல்லாம் கேட்டாய். ஒரு நாள் சிவப்புத் துணித் துண்டு ஒன்றைத் தலையில் கட்டிக்கொண்டு வந்து நின்றாய். நான் சிரித்தேன். பங்குனித் திருவிழாவுக்கு வேடம் கட்டியிருக்கிறாயா என்று கேட்டேன். நீ கோபப்படவில்லை. “அக்கா, வேல கேக்குதது பிச்சையில்ல. இந்த மலையில கல்லப் பொறக்கிப் போட்டு, காட்ட அழிச்சி, செடி வச்சது நம்ம ஆளுக. வெல ஏறும்போது நமக்குக் கூடக் குடுத்தானா? வெல எறங்குனா மட்டும் நாம ஏன் எறங்கணும்?” என்றாய்.  வேலை இருக்கிறவன் அதைக் காப்பாற்றிக்கொள்வதுதான் புத்தி என்று சொன்னேன். அதை அன்றைக்கு நான் நம்பினேன்.

எல்லார் பெயரையும் கூப்பிட்டால்தான் ஒருவராவது வேலைக்குப் போவோம் என்று நீ ஆட்களைக் களத்தில் உட்காரவைத்தாய். கூப்பிட்டவர்களும் உட்கார்ந்தார்கள், கூப்பிடாதவர்களும் உட்கார்ந்தார்கள். உன்னைத் திட்டி முணுமுணுத்துக்கொண்டே நானும் உட்கார்ந்தேன். இரண்டு நாள் கொழுந்து முற்றியது. பேக்டரி சத்தமில்லாமல் கிடந்தது. அந்த நிசப்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கீழேயிருந்து துரை வரவழைத்த காவல்காரர்கள் தடியோடு வந்து பேக்டரி வாசலில் உட்கார்ந்தார்கள். 

மூன்றாம் நாள் மத்தியானம் மாமா வந்தார். நம் தாய்மாமன், நம் கங்காணி, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து உன்னையும் என்னையும் நடத்திக் கூட்டிவந்து இந்த மலையில் சேர்த்த கருப்பையா மாமா. “மருமகனே, தொர பேசணும்ங்காரு. வா, நான் இருக்கேன்லா” என்றார். நீ எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு அவர் பின்னால் போனாய். வேறு எந்தக் கங்காணி கூப்பிட்டிருந்தாலும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டுதான் போயிருப்பாய். கூப்பிட்டது மாமனாயிற்றே.

மறுநாள் விடிவதற்கு முன்னாலேயே தண்ணீர் எடுக்கப் போன உன் பெண்டாட்டி வள்ளிதான் உன்னைப் பார்த்தாள். பேக்டரிக்குக் கீழே ஓடையில், இரண்டு கல்லுக்கு நடுவே கிடந்தாய். பின்னந்தலை பிளந்திருந்தது. வழுக்கி விழுந்தவனுக்கு மணிக்கட்டில் கயிற்றுத் தடம் இருக்காது. யார் கை என்று எனக்குத் தெரியாது. தெரியாததை இங்கே எழுத மாட்டேன். கயிற்றுத் தடத்தை நான் பார்த்தேன், அதை எழுதுகிறேன்.

மாமா ஓடிவந்தார். அழுதார் தம்பி. பொய்யழுகை இல்லை. தன் தலைத்துண்டை அவிழ்த்து உன் தாடையைக் கட்டினார். அந்த அழுகையை என்னால் இன்றுவரை புரிந்துகொள்ள முடியவில்லை. சங்கு ஊதுவதற்குள் அடக்கம் பண்ணிவிட வேண்டும், இல்லையென்றால் போலீஸ் வந்து எல்லோரையும் மலையிலிருந்து இறக்கிவிடும் என்றார். அவரும் வேறு இரண்டு ஆட்களும் உன்னைத் தூக்கினார்கள். நான் காலைப் பிடித்தேன். பேக்டரிக்கு மேலே, இன்னும் செடி வைக்காத மேட்டில் உன்னைக் கிடத்தினோம். தலைமாட்டில் மூன்று கல் வைத்தேன். ஒப்பாரி வைக்கக்கூட விடவில்லை.

அந்த மண் கையோடு மஸ்டருக்குப் போனோம். நீ இல்லை என்றதும் உட்கார்ந்திருந்தவர்களுக்கு விஷயம் தெரிந்துபோயிற்று. பயந்து, ஒவ்வொருவராக எழுந்து வரிசையில் நின்றார்கள். மாமா எப்போதும் போல வரிசைப்படி பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். “இசக்கிமுத்து” என்றார்.

“வந்திருக்கேன்” என்றேன்.

நீ இல்லை என்பது கூப்பிட்டவருக்கும் நினைவில்லை, பதில் சொன்னவளுக்கும் நினைவில்லை. வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. நம் வீட்டுப் பெயர் பதில் இல்லாமல் நிற்கக் கூடாது என்று இத்தனை வருஷம் பழகிய வாய். முன்வரிசையில் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். ரைட்டர் குறித்துவிட்டார். அதற்குள் அடுத்த பெயர் வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் மாமா நம் அறை வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

“தாயி, காலையில நீ கொரலு குடுத்தது நல்லதாப் போச்சி. அப்படியே இருக்கட்டும். பேரு இருந்தா ரூமு இருக்கும். வள்ளியும் பச்சப்புள்ளையும் இந்த மழையில எங்க போவாக?”

“எத்தன நாளைக்கி மாமா?”

“இந்த மழ விடட்டும்.”

அந்த மழை விட்டது. பனி வந்தது, வெயில் வந்தது, இப்போது அடுத்த மழையும் வந்துவிட்டது. நான் கொழுந்தும் பறித்தேன், உன் வரிசைக் களையும் வெட்டினேன். லயத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. பனி தொடங்கும்போது பெயருக்கு ஒரு கம்பளி கொடுப்பார்களே, உன் பெயருக்கும் கொடுத்தார்கள். கை நீட்டி வாங்கினேன். நல்ல கனமான கம்பளி. உன் மகள் செண்பகம் அதற்குள்தான் தூங்குகிறாள்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று நினைக்காதே. பேசப் போகும்போது பிள்ளையை ஒரு தடவை நினைத்தாயா? வள்ளியை நினைத்தாயா? ஊருக்கெல்லாம் வேலை கேட்டவன், தன் வீட்டில் மூன்று பெண்களை வெறுங்கையோடு விட்டுவிட்டுப் போய்விட்டாயே. கொழுந்துக் கூடையோடு மேடு ஏறும்போதெல்லாம் உன்னைத் திட்டியிருக்கிறேன். திட்டிக்கொண்டே உன் வரிசையையும் முடித்திருக்கிறேன்.

நீ செத்த மாதமே காசி சர்க்காருக்கு ஒரு மனு எழுதிப் போட்டிருக்கிறார். எனக்குத் தெரியாது. மாமா ஆட்கள் கண்ணில் படக் கூடாது என்று அவர் எங்களை அண்டவில்லை. பல மாதம் கழித்துப் பதில் வந்தது. போன மாதம் செண்பகத்துக்குப் பாவாடை தைக்கக் கொடுக்க வந்தபோது கதவைச் சாத்திவிட்டு அதை எடுத்துக் காட்டினார். இந்த மலை மலையாளச் சர்க்காருடையது, பதிலும் மலையாளத்தில்தான் இருந்தது. அவரே படித்துப் பொருள் சொன்னார். மேற்படி இசக்கிமுத்து என்ற ஆள் நாளதுவரை தவறாமல் வேலைக்கு ஆஜராகி வருவதாகப் பதிவில் காண்பதால், மனுவில் கண்ட சங்கதி பொய்யென்று தள்ளப்பட்டது.

“அக்கா, இதுல என்ன போட்டுருக்குன்னு வெளங்குதா? ஒங்க தம்பி உசுரோட இருக்காரு. தெனமும் வேலைக்கி வாராரு. இதுக்கு மேல நான் என்னத்த எழுத?” என்றார். பிறகு, “அவரு பேருக்கு யாரு கொரலு குடுக்கா?” என்று கேட்டார்.

நான் சொன்னேன். அவர் மிஷின் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தம்பி, அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நான் அறைக்காகக் குரல் கொடுத்தேன். மாமாவும் எங்கள்மேல் உள்ள பாசத்தால்தான் அப்படிச் சொன்னார் என்று நம்பினேன். கொஞ்சம் பாசமும் இருந்திருக்கும். ஆனால் உன்னைக் கொன்றவர்கள் ஒரு நாள்கூட ஒளிய வேண்டி வரவில்லை. விடிந்ததும் நானே வந்து, நீ உயிரோடு இருக்கிறாய் என்று அவர்களுக்குச் சாட்சி சொல்லிவிட்டுப் போனேன். மாமன் கையில் இருக்கும் பிரம்பு யாருடையது என்று பார் அக்கா என்று நீ சொல்வாய். சொந்தக்காரனைப் பேசுகிறாயே என்று உன் வாயை அடைத்தவள் நான்.

அன்றே பதில் சொல்வதை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் மூன்றாம் நாள் உன் பெயரை அடித்துவிட்டு, ஆள் ஓடிப்போய்விட்டான் என்று எழுதிவிடுவார்கள் என்றார் காசி. சர்க்கார் அதிகாரி ஒருவர் நேரில் வரும்வரை பொறுத்திருக்கச் சொன்னார். இன்னொரு மனு எழுதினார். அதிகாரியே மஸ்டரில் நின்று, பெயர்களைக் கூப்பிட்டு, ஆட்களை முகம் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார். நான் கையெழுத்துப் போட்டேன். இன்னும் ஐந்தாறு பேர் கைநாட்டு வைத்தார்கள். அவர்களில் ஒருவர் பெயரை அடுத்த வாரமே கூப்பிடவில்லை.

அந்த அதிகாரி நாளைக்கு வருகிறார். துரை பங்களாவில் இன்றைக்கே கட்டில் போட்டாயிற்று, ஆடு அறுத்தாயிற்று. அங்கே தின்றுவிட்டுத்தான் களத்துக்கு இறங்கி வருவார். காசிக்கு அவர்மேல் பெரிய நம்பிக்கை இல்லை. எனக்கும் இல்லை. ஆனால் களத்தில் இருநூறு காது இருக்குமே என்கிறார்.

ஒரு வாரமாக எல்லாமே ஒரு மாதிரியாக இருக்கிறது. மூன்றாம் லயம் காலி. கதவுகளைக்கூடக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அங்கே இருந்தவர்கள் கடைவீதிக் கொட்டகைகளில் பிள்ளைகுட்டியோடு படுத்துக்கொண்டு, சங்கு ஊதினால் பழக்கத்தில் எழுந்து களத்து ஓரம் வந்து நிற்கிறார்கள். நம் லயத்து முனையில் புதுக் காவல்காரர் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் தண்ணீருக்குப் போனால் ஒருவர் எழுந்து பின்னால் வருகிறார், நான் திரும்பினால் அவரும் திரும்புகிறார்.  மாமா என் கண்ணைப் பார்ப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை மேட்டைச் சுத்தம் பண்ண ஆள் பிரித்தார்கள். அங்கே புதிதாகச் செடி வைக்கப் போகிறார்களாம். விலை இல்லை என்று ஆளைக் குறைக்கிறவர்களுக்கு எதற்குப் புதுச் செடி? குழி வெட்டுகிறவர்களின் பெயரை மாமா வாசித்தார். அதில் உன் பெயரும் இருந்தது. உன்னைப் புதைத்த இடத்தில் குழி வெட்ட உன்னையே கூப்பிட்டார்கள். நான் “வந்திருக்கேன்” என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். வேறு யார் கையிலும் அந்த இடத்தை விட எனக்கு மனம் வரவில்லை.

மூன்று கல்லையும் எடுத்து எறிந்திருந்தார்கள். ஆனாலும் இடம் எனக்குத் தெரியாதா? அளவுக் குச்சியை வைத்துக் குழிக்குக் குழி தூரம் பார்த்துக்கொண்டே வந்தோம். ஒரு குழி சரியாக உன் நெஞ்சுக்கு நேரே வந்தது. நான் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, “அடியில பாற” என்றேன். காவல்காரர் தடியால் ஒரு குத்துக் குத்திப் பார்த்துவிட்டு நகர்ந்தார். பாறையை உடைக்க நாளைக்குக் கடப்பாரை வருகிறதாம். அவர்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அதுவும் எனக்குத் தெரியவில்லை.

நேற்று விளக்கு வைக்கிற நேரத்தில் ஒருவன் வந்தான். உன் உயரம், உன் வயது. கோவில்பட்டிப் பக்கத்து ஆள். வேறு ஒரு எஸ்டேட்டில் பெயர் விட்டுப்போய், பெண்டாட்டியையும் இரண்டு பிள்ளைகளையும் கடைவீதியில் கொட்டகையில் விட்டுவிட்டு ஊர் ஊராக வேலை கேட்டு அலைகிறவன். வாசலில் நின்றே பேசினான்.

“அக்கா, கங்காணியாரு அனுப்புனாரு. திங்கக்கெழமையிலருந்து ஒங்க தம்பி பேருல நான் நிக்கணுமாம். அவரு கீழ ஓடிட்டாருன்னு சொன்னாரு. அவரு திரும்பி வந்தா நான் வெலகிக்கிடுதேன், தப்பா நெனைக்காதீக.”

 பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“அதிகாரி ஏதாச்சும் கேட்டா சொல்லணும்லா. அவரு அப்பா பேரு என்ன? பொறந்த ஊரு எது? புள்ளைக்கி என்ன பேரு?”

உள்ளேயிருந்து வள்ளி பதில் சொன்னாள். “அப்பா பேரு சுப்பையா. ஊரு சங்கரன்கோவில் பக்கம். புள்ள செண்பகம்.” அடுப்பைப் பார்த்தபடியே, மனப்பாடம் ஒப்பிக்கிறவள் மாதிரி சொன்னாள். அவளிடம் மாமா ஏற்கெனவே பேசிவிட்டார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவன் வாய்க்குள் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான். சுப்பையா, செண்பகம், சுப்பையா, செண்பகம். பிறகு, உன் கம்பளியை வாங்கிக்கொண்டு வரச் சொன்னார்கள் என்றான்.

நான் வாசலுக்கு வந்து மேட்டுப் பக்கம் கையை நீட்டினேன் தம்பி. “எய்யா, அவன் ஓடல. அடிச்சிக் கொன்னுட்டாக. அந்தா தெரியிதுல்லா மேடு, அங்க கெடக்கான். நான்தான் காலப் புடிச்சித் தூக்குனேன்” என்றேன்.

அவன் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டான். உள்ளே செண்பகம் விளையாடுகிற சத்தம் கேட்டது. தலை நிமிராமல் சொன்னான்.

“எனக்கு வேல வேணும் அக்கா.”

“தெரியும். ஒம் பேரு என்ன?”

அந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. என்னைப் பார்த்தான். “செல்லையா” என்றான். எழுந்து போய்விட்டான். கம்பளியை எடுத்துக்கொண்டு போகவில்லை. மறந்தானா, வேண்டாமென்று விட்டானா? நாளைக்கு உன் பெயரைக் கூப்பிடும்போது அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது. இரண்டு பிள்ளை பட்டினி கிடக்கிறவனை நம்பி நான் எதையும் முடிவு பண்ண முடியாது. அவன்மேல் எனக்குக் கோபமும் வரவில்லை. நீ களத்தில் உட்கார்ந்தது அவன் மாதிரி ஆட்களுக்காகத்தானே?

அவன் போனதும் வள்ளியைப் பிடித்துக்கொண்டேன். எப்படியடி சொல்ல மனம் வந்தது என்றேன். அவள் அழவில்லை. “செத்தவுக பேருல இத்தன நாளு நீங்க சோறு போட்டீக மதினி. இனி வேற ஒருத்தன் போடுதான். எனக்கு என்ன வித்தியாசம்? அவுக ஊருக்காகப் போனாக. எனக்குன்னு என்னத்த விட்டுட்டுப் போனாகன்னு யாராச்சும் சொல்லட்டும்” என்றாள்.  இதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். உன்னாலும் முடியாது.

இன்று காலையில் நான் கடைவீதிக்குப் புறப்படும்போது வள்ளி பானைகளைக் கழுவிக் கவிழ்த்து, துணிமணிகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தாள். எதற்கு என்று கேட்டேன். “நாளைக்கி நீங்க வாயத் தொறந்தா நம்மள இங்க இருக்க விடுவாகளா?” என்றாள். மூட்டையின் முடிச்சை இழுத்து இறுக்கினாள். திறக்காதே என்று அவள் சொல்லவில்லை தம்பி. அதை நினைத்துக்கொண்டேதான் மழையில் இவ்வளவு தூரம் நடந்துவந்தேன்.

மேலே திரும்பிப் போக வேண்டும். காவல்காரர் கடைக்கு எதிரே வந்து நிற்கிறார். பூண்டு வாங்குகிறவர் மாதிரி ஒன்றை எடுத்துப் பார்க்கிறார், வைக்கிறார். காசி இந்தக் காகிதத்தை, தாம் தைத்துக்கொண்டிருக்கும் சட்டையின் மடிப்புக்குள் வைக்கப் போகிறார்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நாளைக்கு மாமா உன் பெயரைக் கூப்பிடுவார். நான் பதில் சொல்ல மாட்டேன். செல்லையா பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், நான் வரிசையை விட்டு முன்னால் வந்து, அதிகாரிக்கும் துரைக்கும் களத்து ஓரத்தில் நிற்கிறவர்களுக்கும் கேட்கும்படி சொல்வேன். இசக்கிமுத்து செத்துப்போனான். இத்தனை நாளும் பதில் சொன்னது நான்தான். நம்பவில்லையென்றால் கடப்பாரையோடு என் பின்னால் வாருங்கள், இடத்தைக் காட்டுகிறேன். அந்தப் பெயரை அடியுங்கள். அடித்த இடத்தில், இதோ நிற்கிறானே, இவன் பெயர் செல்லையா, அதை எழுதுங்கள். அதற்குப் பிறகு என் பெயரை அடிப்பதாக இருந்தால் அடித்துக்கொள்ளட்டும்.

உன் கூடப்பிறந்தவள்,
இத்தனை நாளும் நீயாக நின்ற அக்கா
சண்முகத்தாய்